பெறும் சபையும் அனுப்பும் சபையும்: யாழ்ப்பாண அமெரிக்க மிஷன் திருச்சபை வரலாற்றில் ஒரு திருப்பம்

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மிஷனரிமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பூவரும் மெய்க்சும் வந்திறங்கிய ஆண்டு, வின்சிலோ வெளியிட்ட அகராதி, வைத்தியர் கிறீன் தமிழாக்கிய மருத்துவ நூல்கள், உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் எழுந்த கல்விக்கூடங்கள் என்பனவே அவ்வரலாற்றின் தலையாய செய்திகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றின் பெறுமதி மறுக்கத்தக்கதன்று. ஆயினும் மிஷன் வேறு, திருச்சபை வேறு என்னும் உண்மையை இவ்வரலாறுகள் போதிய அளவு மனங்கொண்டனவாகத் தெரியவில்லை. மிஷன் என்பது பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சங்கத்தின் கிளை. திருச்சபையோ தெல்லிப்பழையிலும் பண்டத்தரிப்பிலும் சாவகச்சேரியிலும் ஞாயிறுதோறும் கூடிய தமிழ் மக்கள். அம்மக்கள் தம்மை யாரெனக் கருதினர், தமக்கெனத் தனியானதொரு நோக்கும் அதற்கேற்ற செயற்றிட்டமும் அவர்களிடையே எப்பொழுது உருப்பெற்றன என்னும் வினாக்கள் இன்னும் விரிவான ஆய்வை வேண்டி நிற்கின்றன.

1810ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நிறுவப்பட்ட அமெரிக்க அந்நிய தேச மிஷன் சங்கத்தின் முதற் குழுவினர் 1816இல் இலங்கை வந்தடைந்தனர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் முதல் நிலையங்களாயின. போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிப் பாழடைந்து கிடந்த தேவாலயங்களும் அவற்றைச் சூழ்ந்த வளவுகளுமே அவர்களுக்குக் கிடைத்தன. 1820இல் தேசாதிபதி சேர் எட்வேட் பாண்ஸ் மேலும் அமெரிக்க மிஷனரிமார் வருவதைத் தடுத்ததோடு, ஏற்கெனவே வந்திருந்தோரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் எல்லைக்குள் நிறுத்திவைத்தார். இத்தடை 1830களின் தொடக்கம் வரை நீடித்தது. அரசியல் ஐயத்தினால் விதிக்கப்பட்ட இக்கட்டுப்பாடு எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. பரந்து செல்ல வழியின்றிப் போகவே, மிஷனின் பணமும் ஆட்பலமும் சில மைல் நீள அகலங் கொண்ட ஒரு சிறு நிலப்பரப்பில் ஒருமுகப்பட்டன. ஊர்தோறும் இலவசப் பாடசாலைகள், தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிகள், அவற்றுக்கு மேலாக 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை என அமைந்த அடுக்கமைப்பு இவ்வாறு தோன்றியதேயாகும்.

இவ்வமைப்பில் திருச்சபை வகித்த இடம் யாது? மிஷன் நிலையமே சபை, மிஷனரியே போதகர். சபையினருள் பெரும்பாலோர் விடுதிப் பள்ளியிற் பயின்றோர், மிஷன் பாடசாலைகளிற் கற்பித்தோர், அச்சகத்தில் வேலை செய்தோர், மிஷன் வளவில் ஊழியம் புரிந்தோர் ஆகியோராவர். வழிபாட்டுக்குக் கூடியோரும் மாதச் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றோரும் பெரிதும் ஒரே மனிதராயிருந்தனர். இத்தங்கிநிற்கும் நிலையின் அடையாளத்தைப் பெயர்களிலேயே காணலாம். விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்த கொடையாளர் ஏற்றனர். ஏற்றவரின் பெயரோ அவர் விரும்பிய பெயரோ பிள்ளைக்கு இடப்பட்டது. ‘பாவலர் சரித்திர தீபகம்’ தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை ஆகியோரின் முன்னெழுத்துக்களாகத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர்கள் இவ்வழக்கின் எச்சங்களேயாம். தமிழறிஞர் ஒருவரை நினைக்குந்தோறும் அத்திலாந்திக் கரையில் வாழ்ந்த யாரோ ஒரு கொடையாளியையும் உடன் நினைக்கவேண்டியிருப்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

யாழ்ப்பாணத்தவர் பிற இடங்களுக்கு ஊழியத்துக்குச் செல்லாமலும் இருக்கவில்லை. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரையில் புதிய களமொன்றைத் திறந்தபோது அதற்கான ஆயத்தங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தே செய்யப்பட்டன. ஸ்போல்டிங் முன்சென்று பார்த்துவந்தார். அதன்பின் ஹொய்சிங்ரனும் ரொட்டும் சென்றனர். அவர்களோடு யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர் சிலரும் உடன்போயினர். மதுரை மிஷனின் தொடக்க வரலாற்றில் யாழ்ப்பாணத்தவருக்குள்ள பங்கு சிறிதன்று. ஆனால் அவர்கள் சென்றது உதவியாளராக. எங்கே செல்வது என்பதைத் தீர்மானித்தவர் மிஷனரி. செலவை அளித்தது பொஸ்ரன். அறிக்கை சென்றதும் அங்கேயே. யாழ்ப்பாணத்துச் சபை என்ற ஒன்று இம்முயற்சியில் அனுப்பியதாகவோ பொறுப்பேற்றதாகவோ கூறுவதற்கில்லை. இந்த 1834ஆம் ஆண்டுப் பயணத்தை 1900ஆம் ஆண்டு நிகழ்ந்த மற்றொரு கடற்பயணத்தோடு ஒப்புநோக்கும்போதே இடைப்பட்ட அறுபத்தாறு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவு புலனாகும்.

மாற்றத்துக்கான முதல் அதிர்ச்சி சமயத் துறையிலிருந்து வரவில்லை. வங்கித் துறையிலிருந்து வந்தது. 1837இல் ஐக்கிய அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. வங்கிகள் முறிந்தன, வணிக இல்லங்கள் வீழ்ந்தன, மிஷன் சங்கத்தின் வருவாய் சுருங்கியது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டு வந்த தொகை திடீரெனக் குறைக்கப்பட்டது. ஊர்ப் பாடசாலைகளுட் பெருந்தொகையானவை இழுத்து மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினர். ஆசிரியர் பலர் தொழிலிழந்தனர். அவ்வாசிரியருட் கணிசமானோர் சைவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. நியூயோர்க்கில் வங்கி ஒன்று முறிந்தால் அளவெட்டியில் ஒரு பள்ளிக்கூடம் மூடப்படும் என்னும் நிலை, கடல் கடந்த பொருளாதாரத்தோடு ஒரு சிற்றூர் எத்துணை இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டியது. சில ஆண்டுகளில் பணம் மீண்டும் வரத் தொடங்கியது. பள்ளிகள் பல மீளத் திறக்கப்பட்டன. ஆனால் ஒரு வினா எஞ்சி நின்றது. பணம் நின்றால் பள்ளி மூடப்படும், சபையும் மூடப்படுமா?

இவ்வினாவுக்குச் சபையினர் அளித்த விடையாக 1847இல் நிறுவப்பட்ட சுதேச சுவிசேட சங்கத்தைக் கொள்ளலாம். நெருக்கடிக்கும் சங்கத்தின் தோற்றத்துக்கும் இடையில் பத்தாண்டு கழிந்திருந்தது. எனவே ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவெனக் கூறுதல் மிகையாகும். மிஷனரிமாரின் ஊக்குவிப்பும் இதற்குப் பின்னணியில் இருந்தது. எனினும் இச்சங்கத்தின் அமைப்பு முன்னையவற்றிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. பணம் உள்ளூர்ச் சபையினருடையது. ஊழியர் அவர்களால் தெரிவுசெய்யப்பட்டோர். களமும் அவர்கள் ஏற்றுக்கொண்டதே. குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடந்த தீவுப் பகுதியையே அவர்கள் தம் பொறுப்பாகக் கொண்டனர். நெடுந்தீவு அவற்றுட் குறிப்பிடத்தக்கது. மிஷனின் ஆட்பலம் முழுவதும் குடாநாட்டில் ஒருமுகப்பட்டிருந்தமையால், தோணியிற் சென்று, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் காத்திருந்து அடையவேண்டிய இத்தீவுகள் பெரிதும் கவனிக்கப்படாதிருந்தன. பிறரின் கவனத்தைப் பெற்றுவந்த ஒரு சபை, தன்னிலும் கவனிப்புக் குறைந்த ஓரிடத்தைத் தேடிக் கண்டது என்பதே இங்கு கருத்திற்கொள்ள வேண்டியது.

சங்கத்தின் பண்டாரம் நிரம்பிய முறையும் கருதத்தக்கது. யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் பெரும்பாலும் கமக்காரர். காசுப் புழக்கம் அவர்களிடம் குறைவு. எனவே உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியை வேறாக எடுத்துவைக்கும் வழக்கமும், வளவில் நிற்கும் தென்னையிலோ பனையிலோ ஒன்றின் பயனைச் சபைக்கென ஒதுக்கும் வழக்கமும் பரவின. பிடியரிசி என்பது மிஷனரிமார் கொணர்ந்த முறையன்று. கோயிற் பணிக்கும் மடத்து அன்னதானத்துக்கும் தமிழ் மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த முறையே அது. பிறநாட்டுச் சபை அமைப்பொன்று தன் காலில் நிற்க முயன்றவுடனேயே, அதற்குத் துணைவந்தது உள்ளூர்ப் பண்பாட்டின் பழைய அறவழக்கு என்பது தற்செயலானதன்று. இன்னுமொன்று: பிடியரிசியை எடுத்துவைத்தவர் பெண்கள். சபைக் கூட்டங்களிற் பேசவோ வாக்களிக்கவோ பெரிதும் வாய்ப்பற்றிருந்த அவர்கள், அச்சபையின் ஊழியத்துக்கு நாள்தோறும் பங்களித்தோராயினர். மிஷனரிமாரின் அறிக்கைகளில் இவர்களின் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன.

இக்காலப் பகுதியை நோக்குமிடத்து ஓர் ஒப்புமை தவிர்க்க முடியாதவாறு எதிர்ப்படுகின்றது. சுதேச சுவிசேட சங்கம் தோன்றிய மறு ஆண்டாகிய 1848இல் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலைத் தொடர்பை விடுத்து வெளிவந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு முகாம்களுக்கு உரியவை. அவற்றிடையே நேரடித் தொடர்பு காட்டுதலும் இயலாது. ஆயினும் இரண்டிலும் வெளிப்படுவது ஒரே தலைமுறையின் மனநிலை. மிஷன் கல்வியினால் உருவாக்கப்பட்ட தமிழர், அக்கல்வி தந்த அமைப்பு முறைகளான சங்கம், அச்சு, பாடசாலை, பிரசங்கம் ஆகியவற்றைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, தம் நோக்கத்துக்கேற்பப் பயன்படுத்தத் தொடங்கினர். நாவலரின் முயற்சி அளவாலும் விளைவாலும் பன்மடங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. பெரும்பான்மையினரின் சமயத்தையும் ஆதீனங்களின் ஆதரவையும் அவர் பின்பலமாகக் கொண்டிருந்தார். சில நூறு பேரை மட்டுமே கொண்டிருந்த சபைக்கு அத்தகைய பின்பலம் எதுவும் இருக்கவில்லை.

1855இல் பொஸ்ரனிலிருந்து சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்தார். கிறித்தவ மிஷன் வரலாற்றில் இவருக்குத் தனியிடம் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் என்பாரும் இவரும் ஒரே ஆண்டில், 1796இல், பிறந்தோர். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே முடிவுக்கு வந்தனர். தன்னைத்தான் ஆளுதல், தன்னைத்தான் தாங்குதல், தன்னைத்தான் பரப்புதல் ஆகிய மூன்றும் நிறைவேறிய இடத்திலேயே சபை உளது. அது நிறைவேறியதும் மிஷன் அகன்றுவிட வேண்டும் என்பதே அம்முடிவு. ‘மும்மைத் தன்மை’ எனப் பிற்காலத்தில் வழங்கிய இக்கொள்கையை அண்டர்சன் யாழ்ப்பாணத்திற் செயற்படுத்த முனைந்தார். மிஷன் நிலையத்தைச் சுற்றியமைந்த சபைகளை ஊர்ச் சபைகளாகப் பிரித்தல், அவற்றுக்குச் சுதேசிகளைப் போதகராக அபிஷேகஞ் செய்தல், போதகரின் சம்பளத்தைப் படிப்படியாகச் சபையே ஏற்றல், தாய்மொழி மூலமே ஊழியரைப் பயிற்றுதல் என்பன அவர் வகுத்த திட்டத்தின் கூறுகள். தொடர்ந்துவந்த ஆண்டுகளில் தமிழ்ப் போதகர் பலர் சபைகளின் பொறுப்பையேற்றனர்.

திட்டத்தின் மற்றொரு கூறே பெரும் மனக்கசப்பை விளைத்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணவர் ஊழியத்துக்கு வராது அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர், ஊழியத்துக்கு வருவோரும் ஊர்ச் சபையால் தாங்கவியலாத சம்பளத்தை எதிர்பார்க்கின்றனர் என்பது அண்டர்சன் கட்சியின் வாதம். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் செமினரி யாருக்காக மூடப்பட்டதோ அவர்களே அதனை விரும்பவில்லை. எமர்சன் ரெனன்ற் போன்ற ஆட்சியாளரால் வியந்து போற்றப்பட்ட அக்கல்விக்கூடம் உருவாக்கிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும், அது மூடப்பட்ட இரண்டாண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். இங்கு ஒரு முரண்பாடு உளது. அதனைப் பலரும் கவனிப்பதில்லை. சபை தன்னைத்தான் ஆளவேண்டும் என்னும் கொள்கை, அச்சபையின் கருத்துக்கு மாறாக, பொஸ்ரனிலிருந்து வந்த ஒருவரின் ஆணையினால் நடைமுறைக்கு வந்தது. சுயாட்சி மேலிருந்து வழங்கப்பட்டது. வழங்கப்பட்ட சுயாட்சியை ஏற்றுக்கொள்வதும் ஒருவகைக் கீழ்ப்படிதலே அன்றோ?

அண்டர்சனின் தாய்மொழிக் கொள்கையை முற்றிலும் பிற்போக்கானதெனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்க முற்பட்டமை இக்கொள்கையோடு இயைந்ததே. ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர் அரசாங்க சேவைக்குச் சென்றுவிடுவர், தமிழிற் கற்றோர் தம் ஊர்களில் தங்குவர் என்பதே அவருடைய கணிப்பு. ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அக்கணிப்பின் பயன்கள். ஒரே வாதம் ஓரிடத்தில் ஒரு கல்விக்கூடத்தை மூடியது. மற்றோரிடத்தில் தமிழுக்கு அறிவியற் கலைச்சொற்களைத் தந்தது. வேறுபாடு எங்கேயெனில், கிறீன் தாம் பயிற்றியோருடன் பல்லாண்டு வாழ்ந்து அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அண்டர்சன் சில கிழமைகள் தங்கித் தீர்மானங்களை விட்டுச் சென்றார்.

சபையினரின் மறுமொழி எதிர்ப்புக் கூட்டங்களாக அன்றிச் செயலாக வெளிப்பட்டது. செமினரியின் பழைய மாணவர் வட்டுக்கோட்டையில் ஆங்கிலப் பாடசாலையொன்றைத் தாமாகவே நடத்தினர். 1867இல் உயர்கல்விக்கூடமொன்று வேண்டுமெனும் இயக்கம் உருவாயிற்று. உள்ளூரிற் பணம் திரட்டப்பட்டது. அமெரிக்காவிலும் நிதியம் அமைக்கப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. முதல் அதிபராக அமெரிக்கரான ஹேஸ்ரிங்ஸ் அமர்ந்தார்; அமெரிக்க நிதியின்றிக் கல்லூரி நிலைத்திருக்கவும் முடியாது. ஆனால் இது மிஷன் சங்கம் திட்டமிட்டு அளித்த கல்லூரி அன்று. சங்கம் ஒருமுறை மறுத்த பின்னர் உள்ளூரவர் கேட்டுப் பெற்ற கல்லூரி. செமினரிக்கும் கல்லூரிக்கும் இடையேயுள்ள பதினேழு ஆண்டு இடைவெளியை வெறும் கல்வி வரலாற்றின் இடைவெளியாக மட்டும் கருதுதல் தவறு. ‘எங்களுக்கு எது வேண்டும்’ என்பதைச் சபை முதன்முறையாகத் தன் வாயாற் கூறிய காலமும் அதுவே.

கல்லூரி வேறொரு திசையிலும் பயன் தந்தது. 1884இல் ஆசியாவின் முதலாவது மாணவர் கிறித்தவ வாலிபர் சங்கம் யாழ்ப்பாணக் கல்லூரியில் அமைக்கப்பட்டது. அப்போது கல்லூரியில் ஆசிரியராயிருந்த பிராங்க் சாண்டர்ஸ் அதற்குத் தூண்டுகோலாயிருந்தார். சங்க மாணவர் எழுவைதீவைத் தம் ஊழியக் களமாகக் கொண்டு அங்கே பாடசாலையை ஆதரித்து வந்தனர். நெடுந்தீவை ஏற்ற முன்னோரின் வழியையே இவர்கள் பின்பற்றினர் எனலாம். இவ்வாறு சிறு தீவொன்றிற் கற்ற பாடத்தை அடுத்த தலைமுறையினர் கடலுக்கு அப்பால் எடுத்துச் சென்றனர். 1900இல் யாழ்ப்பாணத்து மாணவர், பிறநாட்டு ஊழியத்துக்கெனத் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்து, பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்ப முன்வந்தனர். சங்ககாலந் தொட்டுத் துறைமுகப் பெயராக வழங்கிவரும் பெயர் தொண்டி. அரிசியும் துணியும் ஏற்றிய தோணிகள் தமிழகக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய கடலில், 1834இல் மிஷனரியின் உதவியாளராகச் சென்ற யாழ்ப்பாணத்தவர், 1900இல் தம் சபையாரால் அனுப்பப்பட்டவராகச் சென்றனர். கடல் ஒன்றே, மொழியும் ஒன்றே, செலவுக் கணக்கு எழுதப்பட்ட இடம் மாத்திரம் மாறியிருந்தது.

இம்முயற்சி தன்னளவில் மிகச் சிறியது. தொண்டியில் அது பெருஞ் சபையொன்றையும் தோற்றுவிக்கவில்லை. அதன் பெறுமதி வேறோரிடத்தில் வெளிப்பட்டது. 1902இல் கிறித்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றிய இளைஞர் வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், தந்தையார் குருவானவர். இந்தியாவிலேயே தொகையால் மிகப் பெருகிய புரட்டஸ்தாந்து சபைகளுள் ஒன்று திருநெல்வேலிச் சபை. அதற்கு ஒப்பிட யாழ்ப்பாணத்துச் சபை ஒரு கையளவே. அக்கையளவுச் சபை தன் பணத்தில் தன் ஊழியரை இந்தியாவுக்கு அனுப்புவதை அசரியா கண்டார். பெரிய சபையோ யாரையும் எங்கும் அனுப்பாதிருந்தது. இவ்வருகையே அவரைத் தூண்டியது என்பதை அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1903 பெப்ரவரி 12ஆந் திகதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டது. இந்தியரே ஊழியர், இந்தியப் பணமே முதல், இந்தியரே நிருவாகிகள் என்பது அதன் அடிப்படை.

அடுத்து நடந்தவை நன்கறியப்பட்டவை. சங்கம் நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்திலுள்ள தோர்ணக்கல் பகுதியைத் தெரிந்தது. தெலுங்கு வழங்கும் அந்நாட்டுக்குச் சென்ற தமிழர் புதிய மொழியொன்றைக் கற்கவேண்டியிருந்தது. 1905 டிசெம்பர் 25இல் செரம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தோன்றியபோதும் அசரியா அதன் முன்னணியில் நின்றார். 1909இல் அவரே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கலுக்குச் சென்று குடியேறினார். 1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனரி மகாநாட்டில், வெள்ளை மிஷனரிமாருக்கும் சுதேச ஊழியருக்கும் இடையே நட்பு இல்லை என்பதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். 1945இல் அவர் மறைந்தபோது தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தின் சபையினர் இலட்சத்துக்கு மேற்பட்டோராயிருந்தனர்.

தோர்ணக்கலின் வளர்ச்சி யாழ்ப்பாணத்துச் சபையின் குறையொன்றையும் வெளிச்சமிட்டுக் காட்டுகின்றது. அசரியாவின் ஊழியம் மாலர், மாதிகர் எனும் ஒடுக்கப்பட்ட மக்களிடையே வேரூன்றியது. நாடார் குலத்திற் பிறந்து அவர் அவர்களோடு வாழ்ந்தார். யாழ்ப்பாணத்திலோ மிஷன் தொடக்கத்திலிருந்தே வேளாளரை நோக்கி நின்றது. முதல் விடுதி மாணவர் தம் சாதியாசாரம் கெடாமல் உண்பதற்காக மிஷன் வளவுக்கு வெளியே சமையலுக்கு இடமளிக்க மிஷனரிமார் இணங்க வேண்டியிருந்தது. உயர் சாதியினர் கற்றால் ஏனையோரும் பின்வருவர் என்னும் கணிப்பு அதற்குப் பின்னால் இருந்தது. கற்றோர் உத்தியோகம் பெற்றனர். பின்வருவர் என எதிர்பார்க்கப்பட்டோர் பெரிதும் வெளியிலேயே நின்றனர். நெடுந்தீவுக்கும் தொண்டிக்கும் கடல் கடந்து சென்ற சபை, தன் ஊரின் ஒழுங்கைக்கு அப்பால் இருந்த குடியிருப்புக்குச் செல்வதில் அதே துணிவைக் காட்டியது எனக் கூறமுடியாது. தூரத்துக் களத்தைத் தெரிவது சில வேளைகளில் அருகிலுள்ள களத்தைத் தவிர்க்கும் வழியாகவும் அமைந்துவிடும். இக்குற்றச்சாட்டு யாழ்ப்பாணத்துச் சைவ நிறுவனங்களுக்கும் பொருந்துவதேயாயினும், சமத்துவத்தைப் போதித்த சபைக்கு அது கூடுதலாகப் பொருந்தும்.

இருபதாம் நூற்றாண்டில் நிருவாகம் படிப்படியாகக் கைமாறியது. 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் யாழ்ப்பாணச் சபைகளும் இணைந்தன. 1939இல் சேவக் செல்வரத்தினம் தலைமையில் மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் தோன்றியது. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆச்சிரமத்தை முன்மாதிரியாகக் கொண்டு, எளிய வாழ்க்கையையும் தமிழ் வழிபாட்டு மரபையும் அது மேற்கொண்டது. கட்டடமும் சம்பளமும் இன்றியும் ஊழியம் நடைபெறலாம் என்பதைக் காட்டிய முயற்சி அது. 1947 செப்ரெம்பர் 27இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது, யாழ்ப்பாணம் அதன் அத்தியட்சாதீனங்களுள் ஒன்றாயிற்று. இலங்கையிலிருந்து கொண்டே தென்னிந்தியாவின் பெயரைத் தாங்கியது. அதன் முதல் அத்தியட்சராகச் சபாபதி குலேந்திரன் பொறுப்பேற்று 1970 வரை பணியாற்றினார். மெய்க்சும் றிச்சட்சும் கூரை வேய்ந்து குடியேறிய வட்டுக்கோட்டையின் பழைய ஒல்லாந்தக் கோவில் பேராலயமாயிற்று. ஆளுதல் என்னும் முதற் கூறு நிறைவேறிவிட்டதென்றே தோன்றிற்று.

ஆனால் தாங்குதல் என்னும் கூறு மீண்டும் சோதனைக்கு உள்ளாகியது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிலைத்து நின்றன. ஊர்தோறும் இருந்த மிஷன் பள்ளிக்கூடங்கள் சபையின் கையை விட்டு நீங்கின. பள்ளியை ஊழியமாகவும், ஆசிரியரைச் சபையின் தூண்களாகவும், பள்ளி மண்டபத்தைக் கூட்டமிடமாகவும் கொண்டு ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்த ஊர்ச் சபைகள், ஒரு வளவின் இரு பாதிகளில் ஒன்று அரசாங்கத்துக்கும் மற்றையது தமக்கும் என வேலியிடப்படுவதைக் கண்டன. 1837இல் பொஸ்ரனிலிருந்து பணம் வராதபோது எழுந்த வினா, இம்முறை கொழும்பிலிருந்து வந்த சட்டத்தினால், ஏறக்குறைய அதே ஊர்களில் மீண்டும் எழுந்தது.